ஆண் கடற்குதிரை வால் மேலாக மிதக்கிறது, குஞ்சுப்பை உப்பியிருக்கிறது

உவர்நீர்:
வணக்கம். ஓராண்டுக்கும் மேலாக ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு கடற்குதிரைகளை வளர்த்து வருகிறேன். இரண்டும் பண்ணையில் பிறந்தவை. குடா இனத்தைச் சேர்ந்தவை. தொட்டி 120 லிட்டர் கொள்ளும். நீரின் ஆழம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். வெப்பநிலை பகலில் 28 டிகிரி செல்சியசைத் தொடுகிறது, இரவில் 27 டிகிரிக்கு இறங்குகிறது. நீரின் உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.024. அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை; நைட்ரேட் 10 அளவில் நிற்கிறது.

ஆண் கடற்குதிரை இரண்டு வாரங்களுக்கு முன்பு குஞ்சுகளை ஈன்றது. அதன்பின் குஞ்சுப்பை (பெண் இடும் முட்டைகளை ஆண் சுமக்கும் வயிற்றுப் பை) சுருங்கி வழக்கம்போல் ஆனதை நானே பார்த்தேன். ஆனால் மூன்று நாட்களாக அந்தப் பை மறுபடியும் உப்பிக்கொண்டே வருகிறது. கொம்பை வாலால் பற்றியிருக்கும் வரை ஒருவாறு சமாளிக்கிறது. பிடியை விட்டால் வால் மேலே போக, தலை கீழே தொங்க, நீர்ப்பரப்பில் தக்கைபோல் மிதக்கிறது. முதுகுத் துடுப்பை விடாமல் அடித்துக் கீழே வர முயன்று, களைத்து, மறுபடியும் மேலேயே போய்விடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நேற்றிலிருந்து உணவையும் தொடவில்லை.

இது மறுபடியும் சினையாக இருக்குமோ என்று முதலில் எண்ணினேன். மீன் விற்பவர் நன்னீரில் பத்து நிமிடம் முக்கி எடுக்கச் சொன்னார். நண்பர் ஒருவர் மெல்லிய ஊசியால் பையைக் குத்திக் காற்றை இறக்கலாம் என்றார். இரண்டையும் செய்யத் துணிவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பவளத்திட்டு:
ஊசியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். குஞ்சுப்பையின் உட்சுவர் இரத்தக் குழாய்கள் நிறைந்தது. அதைக் குத்தினால் காற்றோடு நோய்க்கிருமிக்கும் வழி திறந்துவிட்டதாகிவிடும்.

இது சினை அன்று என்றே நினைக்கிறேன். சினையுற்ற ஆணின் பை எவ்வளவு பெருத்தாலும் அதனால் நீந்தவும் நீரின் நடுவே நிற்கவும் முடியும். வால் மேலேறி மிதப்பது உள்ளே வாயு சேர்ந்திருப்பதன் அடையாளம். உறுதி செய்துகொள்ள, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பைக்குப் பின்புறமாகச் சிறிய டார்ச் ஒளியைக் காட்டுங்கள். குஞ்சுகளோ முட்டைகளோ இருந்தால் உட்புறம் மங்கலாகவும் திட்டுத்திட்டாகவும் தெரியும். வாயுவாக இருந்தால் ஒளி ஊடுருவிப் பை ஒரே சீராக ஒளிரும்.

பார்த்துவிட்டு மூன்று செய்திகளைச் சொல்லுங்கள். வாலிலோ மூக்குக் குழலிலோ தோலுக்கு அடியில் கொப்புளங்கள் உள்ளனவா? தோல் வெளுத்தோ உரிந்தோ இருக்கிறதா? காலையில், விளக்குப் போடும் முன், தொட்டிக் கண்ணாடியின் உட்புறம் எப்படி இருக்கிறது?

உவர்நீர்:
உடனே பதில் அளித்தமைக்கு நன்றி. டார்ச் ஒளியில் பை தாளால் செய்த விளக்குக்கூடுபோல் முழுவதும் ஒளிர்ந்தது. உள்ளே எந்தத் திட்டும் இல்லை. கொப்புளமோ வெளுப்போ காணவில்லை. கண்ணாடியைப் பற்றி நீங்கள் கேட்டது வியப்பாக இருந்தது. சில வாரங்களாகவே காலையில் கண்ணாடியிலும் பற்றுக்கொம்புகளிலும் பனித்துளிபோல் நுண்குமிழ்கள் ஒட்டியிருக்கின்றன. கையால் துடைத்தாலும் மறுநாள் வந்துவிடுகின்றன. உயிர்வளி நிறைய இருக்கிறது என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

பழைய தொட்டி:
அந்தக் குமிழ்களில்தான் பாதி விடை இருக்கிறது. பகலில் மட்டும் பாசி மேல் தோன்றும் குமிழ்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. விளக்கே எரியாத வேளையில் கண்ணாடியெங்கும் ஒட்டியிருக்கும் குமிழ்கள், நீரில் வாயு தன் இயல்பான அளவுக்கு மேல் கரைந்திருப்பதைக் காட்டுகின்றன. பம்பு நீரோடு காற்றையும் உறிஞ்சி அழுத்தத்தோடு அரைத்துத் தள்ளும்போது அந்தக் காற்று நீரில் மிகையாகக் கரைகிறது. வெப்பத்தால் நீர் ஆவியாகி வடிகட்டி அறையில் மட்டம் இறங்கியிருக்கிறதா, உறிஞ்சு குழாயின் இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பம்பிலிருந்து சீறல் ஒலி கேட்டால் ஐயமே வேண்டாம். அதைச் சரிசெய்த பிறகு, நீர்ப்பரப்பு நன்கு கலங்கும்படி காற்றுக்கல் ஒன்றைப் போட்டு வைத்தால் மிகை வாயு வெளியேறிவிடும். காற்றுக்கல் குமிழ் விடுகிறதே, அது தீங்கில்லையா என்று கேட்பார்கள். ஆழமற்ற தொட்டியில் பெரிய குமிழ்களாக எழும் காற்று, மிகையாகக் கரைந்ததை வெளியேற்றவே செய்யும்.

மற்றப் பாதி குஞ்சு ஈன்றதில் இருக்கலாம். பையில் தங்கிய சினைமிச்சம் அழுகினாலும் வாயு சேரும். கூடவே 28 டிகிரி வெப்பம், விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் பெருகுவதற்கு ஏற்றது. கடற்குதிரைத் தொட்டியை 22 முதல் 24 டிகிரிக்குள் வைத்திருந்தால் நோய்களில் பெரும்பகுதி தலைகாட்டாது என்பது என் கணிப்பு. நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியை ஓடவிடுங்கள். நாளுக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்க வேண்டாம். விசிறி ஓடினால் நீர் விரைவில் வற்றும், உப்பு அங்கேயே தங்கும்; எனவே வற்றிய அளவுக்கு நன்னீரை மட்டுமே ஊற்ற வேண்டும், உப்புநீரை அன்று.

இனி, காற்றை இறக்கும் முறை. கைகளைச் சோப்பின்றி நன்கு கழுவி, கடற்குதிரையை முழுவதும் நீருக்குள்ளேயே வைத்து, வயிற்றுப்புறம் மேலே பார்க்க, இடக்கையில் ஏந்துங்கள். அது தானாகவே வாலை உங்கள் சுண்டுவிரலில் சுற்றிக்கொள்ளும். அந்தப் பிடி கிடைத்ததும் துள்ளுவது அடங்கிவிடும். பையின் வாய், மேற்புற விளிம்பின் நடுவில், சிறு பிளவுபோல் இருக்கும். வலக்கைப் பெருவிரலால் பையின் அடியிலிருந்து வாயை நோக்கி, பழுத்த தக்காளியைத் தொடும் அளவுக்கு மேல் அழுத்தாமல், மெல்லத் தடவிக்கொண்டே வாருங்கள். முதலில் ஒன்றும் வராது. ஓரிரு நிமிடத்தில் ஒரு குமிழும் பின்பு தொடர்ச்சியாகச் சிலவும் வரக்கூடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டிக்காதீர்கள். வராவிட்டால் வலிந்து செய்யாமல் விட்டுவிடுங்கள். வாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி இறக்கும் முறையும் உண்டு, ஆனால் அதை ஒருமுறையாவது அருகிலிருந்து பார்த்தவர்தான் செய்ய வேண்டும்.

பவளத்திட்டு:
மேலே சொன்னதில் ஒன்றைச் சற்று மாற்றிச் சொல்வேன். தடவி இறக்குவதால் அன்றைக்கு நிம்மதி கிடைக்கும். ஆனால் இரண்டாம் நாள் பை மறுபடியும் உப்பினால் தடவிக்கொண்டே இருப்பதில் பயனில்லை, மருந்துக்குப் போக வேண்டும். இதற்குப் பெரிதும் பயன்படுவது அசிட்டசோலமைடு. மனிதர்களுக்குக் கண் அழுத்த நோய்க்கும் மலையேறும்போது வரும் உடல்நலக் குறைவுக்கும் கொடுக்கப்படும் அதே மாத்திரைதான். கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியை அது தடுப்பதால் திசுக்களில் வாயு வெளிப்படுவது குறைகிறது. வழக்கில் உள்ள அளவு, 38 லிட்டர் நீருக்கு 250 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. 19 லிட்டர் சிகிச்சைத் தொட்டிக்கு அரை மாத்திரை போதும். தூளாக்கிச் சிறிது நீரில் கலக்கி, கரையாத மாவை அடியில் தங்கவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். நாள்தோறும் நீரை மாற்றி, மருந்தையும் புதிதாகச் சேர்க்க வேண்டும். மருந்தையும் நாட்களையும் மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் உறுதி செய்துகொண்டு தொடங்குவது நல்லது. இது சல்ஃபா வகை மருந்தானதால் அது ஒவ்வாதவர்கள் கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

சிகிச்சைத் தொட்டி தனியாக இருக்கட்டும். மணல் வேண்டாம், காற்றுக்கல் ஒன்றும், வாலால் சுற்றிக்கொள்ளப் பிளாஸ்டிக் செடி ஒன்றும் போதும். அங்கே வடிகட்டிப் பாக்டீரியா இல்லாததால் அம்மோனியாவை நாள்தோறும் சோதித்தே ஆக வேண்டும். நன்னீர் முக்கல், வெளிப்புற ஒட்டுண்ணிகளுக்கான முறை; பைக்குள் இருக்கும் வாயுவை அது எதுவும் செய்யாது, களைத்த விலங்கை மேலும் களைக்க வைக்கும்.

உணவை மறந்துவிடாதீர்கள். கடற்குதிரைக்கு இரைப்பை கிடையாது. சேமித்து வைக்க இடமில்லாததால் பட்டினியை அது நெடுநாள் தாங்காது. மிதப்பதால் உணவை எட்ட முடியாமல் இருக்கிறதா, பசியே இல்லையா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உறைபதன மைசிஸ் இறாலை உருக்கி அலசி, டிராப்பரால் மூக்குக் குழலுக்கு நேர் எதிரே ஒவ்வொன்றாக விட்டுப் பாருங்கள். கண் அதைப் பின்தொடர்ந்தால் பசி இருக்கிறது.

உவர்நீர்:
ஐந்து நாட்கள் கழித்து எழுதுகிறேன். பம்பு அறையில் நீர் மட்டம் இரண்டு விரற்கடை இறங்கி, உறிஞ்சு வாய் பாதி வெளியே தெரிந்தது. அந்தச் சிறு ஒலியை நான் இத்தனை நாளும் பம்பின் இயல்பான இரைச்சல் என்றே நினைத்திருந்தேன். நீரை நிரப்பிய மூன்றாம் நாள் காலை கண்ணாடி தெளிவாக இருந்தது.

முதல் நாள் தடவியதில் நான்கு குமிழ்கள் வந்தன. அரை மணி நேரத்தில் தானாகக் கீழே இறங்கிக் கொம்பைப் பற்றியது. ஆனால் நீங்கள் அஞ்சியபடியே மறுநாள் மாலைக்குள் பை மீண்டும் உப்பியது. மருத்துவரிடம் கேட்டு மூன்று நாள் அசிட்டசோலமைடு கொடுத்தேன். இன்று பை தட்டையாக உள்ளது, நேராக நிற்கிறது. வெப்பநிலை 24 டிகிரிக்கு வந்துவிட்டது. ஆனால் மைசிஸைக் கண்ணால் பின்தொடர்கிறதே தவிர, காலையில் இரண்டை மட்டுமே உறிஞ்சியது. உடனே பழைய தொட்டிக்கு மாற்றலாமா?

பழைய தொட்டி:
இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். இந்த மருந்தால் பசி மந்தமாவது வழக்கம். மருந்தில்லாத நீரில் அது திரும்பிவிடும். அதுவரை ஒரே வேளையில் நிறையக் கொடுக்காமல், நாளுக்கு நான்கைந்து முறை சிறிது சிறிதாகக் கொடுத்து, தின்னாததை உடனே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். உறைபதன இரையைச் சீண்டாவிட்டால் ஊட்டமேற்றிய உயிருள்ள ஆர்ட்டீமியா என்ற சிற்றிறாலை விட்டுப் பாருங்கள். அசையும் இரையைக் கண்டால் மூக்கு தானாக நீளும். ஒரு வேளைக்குப் பத்து மைசிஸையாவது தயங்காமல் எடுக்கத் தொடங்கிய பிறகு மாற்றுங்கள். பெண் கடற்குதிரையும் அதே நீரில்தான் இருந்தது; அதன் வாலில் தோலடிக் கொப்புளம் ஏதும் தெரிகிறதா என்று இன்றிரவே டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.