மாதிரிப் படகில் மோட்டார் தண்டு வழியே நீர் கசிகிறது

கேள்வி (கொடைக்கானல்): ஏரியில் ஓட்டுவதற்காக நான் செய்த இரண்டடிப் படகில், பித்தளைக் குழாயினுள் சுழலும் 4 மி.மீ. தண்டின் வழியே பத்து நிமிடத்தில் ஒரு தேக்கரண்டி நீர் புகுந்துவிடுகிறது. குழாயைச் சுற்றி அரால்டைட் பசை பூசிய இடத்தில் கசிவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி: குழாயின் இரு முனைகளிலும் தண்டைத் தாங்கும் புஷ்களுக்கு (வளையங்களுக்கு) இடையிலுள்ள வெற்றிடம் முழுவதும் கிரீஸ் இருக்க வேண்டும். நான் குழாயில் துளையிட்டு, சிறு குழலொன்றைப் பற்றவைத்து, பின்முனையில் கிரீஸ் பிதுங்கி வரும்வரை சிரிஞ்சினால் அழுத்துகிறேன்.

மற்றொரு மறுமொழி: மார்கழிக் குளிரில் கெட்டியான கிரீஸ் இறுகி, ஊட்டியில் என் மோட்டார் சூடேறியது; ஆகவே மென்மையான லித்தியம் கிரீஸையே இடுங்கள். அதைவிட முக்கியம், குழாயின் உள்முனை நீர்மட்டத்துக்கு மேலே இருப்பது. அப்படியிருந்தால் கிரீஸ் தீர்ந்தாலும் நீர் உள்ளே வழியாது.

கேட்டவர்: அளந்து பார்த்தேன்; உள்முனை ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கிறது. சாய்வை மாற்றாமல் நீளமான குழாயைப் பொருத்தி, மோட்டாரையும் உயர்த்திவிடுகிறேன். மிக்க நன்றி.