தாய் இல்லாத 4 நாய்க்குட்டிகள், மாசம் 2,000 ரூபாய்: எதுக்குச் செலவழிக்க, எதை விட்டுட?

கே.டி.சி. நகர்:
எல்லாருக்கும் வணக்கம். இங்க திருநெல்வேலி நாலு வழிச் சாலையில தாய் நாய் அடிபட்டுச் செத்துப்போச்சு. குட்டி நாலு இருக்கு. கண்ணு இப்பதான் கீறலாத் திறக்குது, பல் முளைக்கல. சமையல் தராசுல மூணு குட்டி 450 முதல் 500 கிராம், கடைசிக் குட்டி 320 கிராம். எல்லாத்து மேலயும் தெள்ளு ஓடுது. நாட்டு நாய்தான், வளர்ந்ததும் நல்ல வீடு பார்த்துக் கொடுக்கணும்.

மாசம் 2,000 ரூபாய்க்கு மேல முடியாது. கடையில விக்கிற நாய்க்குட்டிப் பால்பவுடர் நாலு குட்டிக்கும் கட்டுப்படியாகாது. என்ன பால் கொடுக்கலாம், எவ்வளவு, எத்தனை தடவை? தெள்ளுக்கு என்ன செய்ய? இன்னொண்ணு, எங்க வளவுல போன மாசம் வேற ஒரு குட்டி ரத்தக் கழிச்சல்ல செத்துச்சு. அதே இடத்துல இதுகளை வைக்கலாமா?

குறிச்சி அக்கா:
தம்பி, பாலுக்கு முன்னால சூடு. இந்த வயசுக் குட்டிக்கு உடம்புச் சூட்டைத் தானாகக் காப்பாத்தத் தெரியாது. உடம்பு குளிர்ந்துட்டா குடல் அசையாது. அப்போ ஊத்துற பால் செரிக்காம வயித்துலயே கெட்டுப்போகும். வீட்டுல எடுத்து வளர்க்கிற குட்டிகள் பட்டினியில மட்டும் சாகிறதில்லை, குளிர்லயும் சாகும். அதனால கையில எடுத்ததும் வாய்க்குள்ள சுண்டுவிரலை வச்சுப் பாருங்க. ஜில்லுனு இருந்தா பால் வேண்டாம், சூடுதான் வேணும்.

மளிகைக்கடை அட்டைப்பெட்டி போதும். அடியில செய்தித்தாள், மேல பழைய பருத்தி வேட்டி. குண்டு பல்பு 40 வாட் கிடைச்சா பெட்டியோட ஒரு ஓரத்துக்கு மட்டும் ரெண்டடி உயரத்துல தொங்கவிடுங்க. மறு ஓரம் சூடில்லாம இருக்கணும், குட்டி வேணும்னா நகர்ந்து போக இடம் வேணும். பல்பு இல்லைன்னா குளிர்பானப் பாட்டில்ல கை பொறுக்கிற சூட்டுல வெந்நீர் ஊத்தி, துண்டால ரெண்டு சுத்துச் சுத்தி வைங்க. கொதிக்கிற தண்ணி ஊத்தினா பாட்டில் சுருங்கி ஒழுகும், குட்டி நனைஞ்சு இன்னும் குளிர்ந்துடும். மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணியை மாத்தணும். ஆறின பாட்டில் குட்டி உடம்புல இருக்கிற சூட்டையும் உறிஞ்சிக்கிடும்.

தெர்மாமீட்டர் வாங்க வேண்டாம், குட்டிகளைப் பார்த்தாலே தெரியும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் குவிஞ்சு முனகினா குளிர். ஆளுக்கொரு மூலையில பரந்து கிடந்து இரைச்சா சூடு அதிகம். பக்கத்துல பக்கத்துல படுத்துத் தூக்கத்துல துடிச்சுக்கிட்டு இருந்தா சரியா இருக்கு.

நம்ம ஊர்ல யாரும் சொல்லாத எதிரி எறும்பு. பால் சிந்தின வாயைத் தேடி ராத்திரில வந்துடும். கண் திறக்காத குட்டியால தட்டிவிட முடியாது. பெட்டியை ஸ்டூல் மேல வச்சு, நாலு காலுக்கும் அடியில தண்ணி ஊத்தின கிண்ணம் வைங்க. பெட்டி சுவரைத் தொடக்கூடாது. எறும்புப் பொடி, சாக்பீஸ் எதுவும் பெட்டிப் பக்கம் வேண்டாம், அது குட்டிக்கும் விஷம்.

இனிப் பால். ஆவின் பச்சைப் பாக்கெட் பால் 240 மி.லி., தண்ணி சேர்க்காம காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் 2 முட்டையோட மஞ்சள் கரு மட்டும், சமையல் எண்ணெய் 1 டீஸ்பூன். நல்லா அடிச்சு வடிகட்டிக்கிடுங்க. வெள்ளைக்கரு வேண்டாம். சீனி, தேன் வேண்டாம். ஃபிரிட்ஜ்ல ஒரு நாள் வரைக்கும்தான். ஒவ்வொரு வேளைக்கும் வேணுங்கிற அளவை மட்டும் எடுத்து வெந்நீர்ல வச்சுச் சூடாக்கணும்.

அளவு: 100 கிராம் எடைக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 மி.லி. 500 கிராம் குட்டின்னா நாளைக்கு 100 முதல் 125. ஆறு வேளையாப் பிரிச்சா வேளைக்கு 17 முதல் 20 மி.லி. வயிறு அதுக்கு மேல கொள்ளாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்துத்தான். 320 கிராம் குட்டிக்கு மட்டும் மூணு மணிக்கு ஒரு தடவை, வேளைக்கு 8 முதல் 10 மி.லி.

பாலாடை, சங்கு வேண்டவே வேண்டாம். கைக்குழந்தைக்கு ஊத்துற மாதிரி மல்லாக்கப் போட்டு ஊத்தினா நுரையீரலுக்குள்ள போயிடும். தாய்கிட்ட குடிக்கிற மாதிரி வயிறு கீழ இருக்கணும், தலை லேசா உயரணும். சின்ன ஃபீடிங் பாட்டில் ஒண்ணு வாங்குங்க. கவிழ்த்தா சொட்டுச் சொட்டா விழணும், தாரையா ஊத்தினா ஓட்டை பெருசு. மூக்கு வழியா பால் வந்தா உடனே நிறுத்தித் தலையைக் கீழ சாய்ச்சுத் துடைங்க. அதுக்கப்புறம் மூச்சுல கர்புர்னு சத்தம் கேட்டா மறுநாள் பார்ப்போம்னு இருக்காதீங்க, டாக்டர்கிட்ட போயிடுங்க.

குடிச்சு முடிச்சதும் வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச பஞ்சால அடிவயிறு, மூத்திர வாய், ஆசனவாய் மூணையும் பையத் தடவணும். தாய் நக்கினாத்தான் குட்டி மூத்திரம் போகும். மூணு வாரம் வரைக்கும் அந்த வேலை நமக்கு. தினம் ஒரே நேரத்துல எடை போட்டு எழுதி வைங்க. நாளுக்கு 5 முதல் 10 சதவீதம் ஏறணும். ஒரு நாள் ஏறாம நின்னா கவனிங்க, இறங்கினா டாக்டர்.

பனங்காடு:
இவ்வளவு பாடு எதுக்கு? வெள்ளாட்டுப் பாலே போதும், எங்க பக்கம் எல்லாரும் அதான் கொடுக்காங்க. தெள்ளுக்கு வேப்பெண்ணெய் தடவுங்க. இடத்தை டெட்டால் ஊத்திக் கழுவினா சரியாப் போச்சு.

ராமையன்பட்டி ரோடு:
பனங்காடு அண்ணாச்சி, மூணையும் கொஞ்சம் திருத்திச் சொல்லுதேன், தப்பா நினைக்க வேண்டாம்.

ஆட்டுப்பாலும் மாட்டுப்பாலும் சத்துல கிட்டத்தட்ட ஒண்ணுதான். நாய்ப்பால்ல கொழுப்பும் புரதமும் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல, பால்சர்க்கரை கம்மி. வெறும் ஆட்டுப்பாலை வயிறு நிறையக் கொடுத்தாலும் சத்து பத்தாது. பத்தலைன்னு கூடக் கொடுத்தா கழியும். அக்கா சொன்ன மஞ்சள் கருவும் எண்ணெயும் அதுக்குத்தான். ஆட்டுப்பால் சும்மா கிடைச்சா அதே கணக்குல முட்டை சேர்த்துக் கொடுங்க, தப்பில்லை. வெள்ளையாத் தயிர் மாதிரிக் கழிஞ்சா அளவு கூடிப்போச்சுன்னு அர்த்தம். ஒரு வேளை, ரெண்டு வேளைக்குப் பாலோட பாதிக்குப் பாதி ஓ.ஆர்.எஸ். கரைசல் கலந்து கொடுத்துட்டுப் பழைய அளவுக்குப் பைய வாங்க.

அரை கிலோ குட்டி மேல வேப்பெண்ணெய் தடவினா ஒண்ணையொண்ணு நக்கி வயித்துக்குள்ள போகும், வாந்தி எடுக்கும். மண்ணெண்ணெய், கழிவு ஆயில் தடவுறவங்களும் இருக்காங்க. அது தோல் வழியாவே உள்ள ஏறிக் கொல்லும். கழுத்துல ஊத்துற ஃபிப்ரோனில் சொட்டு மருந்து 8 வாரம் ஆகாம கூடாது. இந்த வயசுக்குச் சரியான மருந்து பேன்சீப்பு. வெதுவெதுப்பான தண்ணி, குழந்தை சோப்பு. கழுத்தைச் சுத்தி முதல்ல நுரை போடணும், இல்லைன்னா தெள்ளு எல்லாம் முகத்துக்கு ஓடி ஏறும். சீவி எடுக்கிறதைச் சோப்புத் தண்ணியில போடுங்க. உடனே துவட்டிச் சூட்டுல வைங்க. வேட்டியைத் தினம் வெந்நீர்ல அலசணும். முட்டையும் புழுவும் துணியிலதான் கிடக்கும். வாய்க்குள்ள ஈறு வெளுத்திருந்தா தெள்ளு ரத்தத்தைக் குடிச்சிருக்கு, அதுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. 320 கிராம் குட்டிக்கு அதை முதல்ல பாருங்க.

வளவுல செத்த குட்டிக்கு வந்தது பெரும்பாலும் பார்வோவா இருக்கும், ரத்தக் கழிச்சல் வர்ற வைரஸ் நோய். அந்தக் கிருமி டெட்டாலுக்கும் பினாயிலுக்கும் சாகாது, நிழல் மண்ணுல மாசக்கணக்கா உயிரோட கிடக்கும். சிமெண்ட் தரைன்னா முதல்ல சோப்புப் போட்டுத் தேய்ச்சு அழுக்கை எடுக்கணும், அழுக்கு மேல ஊத்தினா குளோரின் வீணாப்போகும். அப்புறம் லிட்டருக்கு 7 கிராம், அதாவது ஏறக்குறைய 2 டீஸ்பூன் பிளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணியை ஊத்திப் பத்து நிமிஷம் ஈரமா நிக்க விட்டுக் கழுவுங்க. வாடை அடிக்காத பழைய பவுடர்ல சத்து இருக்காது. கக்கூஸ் ஆசிட்டோட மட்டும் கலந்துடாதீங்க, விஷ வாயு வரும். மண் தரையைச் சுத்தம் செய்ய வழியே இல்லை. குட்டிகளை அங்க இறக்க வேண்டாம், வீட்டுக்குள்ளயோ மாடியிலயோ வைங்க. அந்த மண்ணுல நடந்த செருப்பும் வாசலோட நிக்கட்டும்.

குடல்புழு மருந்து இரண்டாவது வாரத்துல தொடங்கி ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, 8 வாரம் வரைக்கும். நாக்குப்பூச்சி தாய் வயித்துலயே குட்டிக்கு வந்துடும், அதனால வெளிய போகாத குட்டிக்கும் வேணும். அந்த மருந்து பைரன்டல், கிலோவுக்கு 5 மி.கி. அரை கிலோ குட்டிக்கு 2.5 மி.கி.தான். 1 மி.லி.ல 50 மி.கி. இருக்கிற சிரப்புன்னா வெறும் 0.05 மி.லி.; 100 கோடு போட்ட 1 மி.லி. சிரிஞ்சுல 5 கோடு, ஊசியைக் கழட்டிட்டு. நாய்க்குட்டிக்குன்னே விக்கிற சிரப்புல வீரியம் வேற, அட்டையைப் படிக்காம இந்தக் கணக்கைப் போட்டுடாதீங்க.

காசு இருக்க வேண்டிய இடம் தடுப்பூசி. பார்வோவுக்கும் டிஸ்டம்பருக்கும் (நாய்க்குட்டியைக் கொல்ற இன்னொரு வைரஸ் நோய்) சேர்ந்த ஊசி 6 முதல் 8 வாரத்துல முதல் தடவை, பிறகு மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணா 16 வாரம் வரைக்கும். ஒரு ஊசியோட நிறுத்தினா தாய்கிட்ட இருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அந்த ஊசியை அமுக்கிடும், குட்டி பாதுகாப்பில்லாம நிக்கும். இந்த மாசம் மிச்சமாகிறதை அதுக்கு எடுத்து வைங்க. பார்வோ வந்த ஒரு குட்டிக்கு ட்ரிப் போடுற செலவு நாலு குட்டி ஊசியையும் தாண்டிடும். வெறிநாய்த் தடுப்பூசி 3 மாசத்துல. ஜூலை 6, செப்டம்பர் 28 ஒட்டி அரசுக் கால்நடை மருத்துவமனைகள்ல இலவச முகாம் நடக்கும், தேதி பொருந்தினா அங்க போட்டுக்கலாம். ஷாம்பு, பவுடர், கால்சியம் டானிக், பெல்ட் எதுவும் இப்ப வேண்டாம்.

சாளைக்கூடை:
பல் முளைச்ச பிறகு சாப்பாடு. மூணரை நாலு வாரத்துல தட்டுல நக்க விடுங்க: குழைய வெந்த சோறு, வெந்த முட்டை, அதே பால், கூழ் பதம். அஞ்சாவது வாரத்துல இருந்து பாதிக்குப் பாதி சோறு, கறி.

பிராய்லர் கடையில கால், கழுத்து, தலை தனியா வாங்கிக்கிடலாம். கழுவிக் குக்கர்ல முக்கால் மணி நேரம், எலும்பை விரலால நசுக்கினா மாவாகிற வரைக்கும் வேகணும். சாதாரணமா வெந்த கோழி எலும்பு கூராப் பிளந்து குடலைக் கிழிக்கும். உவரி, இடிந்தகரைச் சாளை மீன் மலிவா வர்ற நாள்ல அதையும் இப்படியே குக்கர்ல வைங்க, முள்ளு கரைஞ்சிடும். பச்சையாப் போடாதீங்க, சாளையில பி1 வைட்டமினை அழிக்கிற பொருள் உண்டு, வேகவச்சா அது போயிடும். கருவாடு உப்பு, வேண்டாம். ஈரல் வாரம் ரெண்டு நாள் கொஞ்சம் போதும்.

எலும்பில்லாத கறி போடுற நாள்ல முட்டை ஓட்டைக் காயவச்சு மிக்சில மாவா அரைச்சு, ஒரு கிலோ வெந்த சாப்பாட்டுக்கு 2 டீஸ்பூன். சோறும் கறியும் மட்டும் தின்னு வளர்ற குட்டிக்கு முன்னங்கால் வளையுறது சுண்ணாம்புச் சத்து இல்லாமத்தான். எலும்பு கரைஞ்ச சாப்பாட்டுக்கு ஓட்டுப்பொடி சேர்க்காதீங்க.

புரோட்டாக்கடைச் சால்னா, பிரியாணி மிச்சம் எவ்வளவு சும்மா கிடைச்சாலும் கொண்டு வராதீங்க. வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்த அணுவை உடைக்கும்.

கே.டி.சி. நகர்:
ரொம்ப நன்றி. பெட்டி, ஸ்டூல், தண்ணிக் கிண்ணம் வச்சாச்சு. மூணு குட்டி நல்லாக் குடிக்குது. சின்னது மட்டும் வாயில வச்சா சப்பவே இல்லை, தலை தொங்குது. ஈறு வெளுப்பு மாதிரிதான் இருக்கு. இன்னொரு குட்டி என் விரலைக் கவ்வுச்சு, நகம் பட்டு லேசாக் கீறல்.

குறிச்சி அக்கா:
சின்னதுக்குப் பால் ஊத்தாதீங்க தம்பி. சட்டைக்குள்ள நெஞ்சோட ஒட்டி வைங்க, மேல துண்டு. சீனியைத் தண்ணியில கெட்டியாக் கரைச்சு, விரல் நுனியில தொட்டு ஈறுல தடவுங்க, ஊத்த வேண்டாம். கால் மணிக்கு ஒரு தடவை. வெரசாச் சூடாக்கணும்னு நேரா பல்புக்குக் கீழ வைக்காதீங்க, பையத்தான் சூடேறணும். இதையெல்லாம் வழியில செஞ்சுக்கிட்டே ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போயிடுங்க. சப்பாத குட்டிக்குக் குழாய் வழியாத்தான் பால் போகணும், அது டாக்டர் கை. எடை எழுதின தாளையும் கொண்டுபோங்க.

ராமையன்பட்டி ரோடு:
கீறலைச் சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீங்க. பல் முளைக்காத குட்டிதானேன்னு விடவும் கூடாது: தாய் செத்துட்டா அதுக்கு வெறி இருந்துச்சான்னு யாருக்கும் தெரியாது, குட்டி எச்சில் பட்ட கீறலும் கணக்குத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் அரசு மருத்துவமனையிலயும் வெறிநாய்க்கடி ஊசி இலவசம். தோல்ல போடுற முறையில 0, 3, 7, 28 ஆகிய நாள். இன்னைக்கே முதல் ஊசி. ரத்தம் வந்த கடின்னா இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புச் சக்தியை நேராவே கொடுக்கிற ஊசி) வேணுமான்னும் கேளுங்க. வீட்டுல குட்டியைத் தூக்கின மத்தவங்க கையில கீறல், புண் இருந்தா அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.