16 வயதுப் பையனின் மூச்சுத்திணறலுக்கு இரைப்பை ஆபரேஷனா?

முகில்அம்மா:
என் மகனுக்கு 16 வயசு, பிஎம்ஐ 46, அதாவது உயரத்துக்கு ரொம்ப அதிகமான எடை. தூங்கும்போது குறட்டை திடீர்னு அடங்கும். நான் எண்ண ஆரம்பிப்பேன். பத்து, பன்னெண்டு... அப்புறம்தான் திணறி மூச்சை இழுப்பான். தூங்கும்போது முகமூடி வழியா காத்தை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கிற சிபேப் கருவி கொடுத்திருக்காங்க, நடுராத்திரி முகமூடியைக் கழட்டி வீசிடுறான். இப்போ இரைப்பையைச் சின்னதாக்குற ஆபரேஷன் பண்ணலாம்னு டாக்டர் சொல்றார். பயமா இருக்கு.

கதிர்:
வேண்டாம் சகோதரி. வளர்ற பையன். வெட்டி எடுத்த இரைப்பை திரும்ப வராது. மூச்சுக்கோளாறுன்னா மூக்கு, டான்சில் பாருங்க. வயித்துல ஏன் கத்தி வைக்கணும்?

தேன்மொழி:
தூக்க ஆய்வகத்துல டெக்னீஷியனா இருக்கேன். கதிர் சார், வயித்துக்கும் மூச்சுக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கு. மல்லாந்து படுத்ததும் வயித்துக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளும். மூச்சை விட்டு முடிச்சபிறகும் நுரையீரல்ல தங்க வேண்டிய காத்து குறைஞ்சுடும். ஆக்சிஜன் கையிருப்பே கம்மிங்கிறதால, சில விநாடி மூச்சு நின்னாலும் அளவு மடமடன்னு இறங்கும். நாக்குலயும் தொண்டையைச் சுத்தியும் சேர்ற கொழுப்பு வேற பாதையை நெருக்கும். டான்சில் எடுத்த பிறகும் திணறுற பருமனான பிள்ளைகள் நிறைய. எடை இறங்கினா இந்த ரெண்டு அழுத்தமும் சேர்ந்து குறையும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2023லயே, 13 வயசுலயும் அதுக்கு மேலயும் தீவிர பருமன் இருந்தா இந்த ஆபரேஷனுக்கான மதிப்பீட்டுக்கு அனுப்பலாம்னு சொல்லிடுச்சு.

கதிர்:
அதே அமெரிக்காவுல டீன்-லேப்ஸ்ங்கிற ஆய்வுல, எடை குறைக்கிற ஆபரேஷன் பண்ணின 242 பிள்ளைகளை மூணு வருஷம் பார்த்தாங்க. எடை சராசரி 27 சதவீதம் குறைஞ்சது, ஒத்துக்கிறேன். ஆனா 57 சதவீதம் பேருக்கு உடம்புல இரும்புச்சத்து இருப்பு குறைஞ்சுது. 13 சதவீதம் பேருக்கு வயித்துல மறுபடி கை வைக்க வேண்டி வந்துச்சு. எங்க அக்கா மகள் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரே வருஷத்துல வைட்டமின் மாத்திரையை விட்டுட்டா. பி12 இறங்கி கால் மரத்துப்போய், சுவரைப் பிடிச்சு நடந்தா. முகமூடியையே போடாத பையன் ஆயுசுக்கும் மாத்திரை போடுவானா?

தேன்மொழி:
நியாயமான கேள்வி. ஆனா முகமூடியைக் கழட்டுறது அரைத்தூக்கத்துல. மாத்திரையை முழிச்சிருக்கிறவன் போடுறான். ரெண்டும் ஒண்ணில்லை. இன்னொண்ணு, ஆபரேஷன் பண்ணாலும் முகமூடி வேணும்மா. மயக்க மருந்தும் வலிமருந்தும் தொண்டையைத் தளர்த்தும், அந்தச் சில ராத்திரிகள்தான் ஆபத்து. பிறகும் குறட்டை நின்னுச்சேன்னு கருவியை மூட்டை கட்டிடாதீங்க. எடை குறைஞ்சதும் மறுபடி தூக்கப் பரிசோதனை பண்ணித்தான் நிறுத்தணும். அவன் ஏன் கழட்டுறான்னு கேட்டீங்களா?

முகில்அம்மா:
இப்பதான் கேட்டேன். காத்து கண்ணுல அடிக்குதாம்.

தேன்மொழி:
அப்போ முகமூடி அளவே சரியில்லை, மூக்குத்தண்டு பக்கம் கசியுது. நாளைக்கே மாத்தச் சொல்லுங்க.

கதிர்:
இதுல நானும் தேன்மொழி பக்கம். ஆபரேஷன் விஷயத்துல என் கருத்து மாறலை.