டெண்டர்லாயின் 'ரெவ்' செசில் வில்லியம்ஸ்: பார்த்தவர்கள், பழகியவர்கள் எழுதுங்கள்

சன்னிவேல்காரன்:

போன வாரம் எங்கள் வாட்ஸாப் குழுவில் பேச்சுவாக்கில் செசில் வில்லியம்ஸ் பேரைச் சொன்னேன். நாற்பது பேரில் மூன்று பேருக்குத்தான் தெரிந்திருந்தது. இத்தனைக்கும் பாதிப் பேர் பே ஏரியாவில் பதினைந்து வருஷமாகக் குப்பை கொட்டுகிறவர்கள். அதனால்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1929-ல் டெக்ஸாஸில் சான் ஆஞ்சலோ என்ற ஊரில் பிறந்த கறுப்பினப் போதகர். 'ரெவரெண்ட்' என்பதன் சுருக்கம்தான் 'ரெவ்'. 1963-ல் சான் பிரான்சிஸ்கோவின் ஏழைப் பகுதியான டெண்டர்லாயினில், எல்லிஸ் தெருவும் டெய்லர் தெருவும் சேரும் முனையில் இருக்கும் கிளைட் மெமோரியல் மெதடிஸ்ட் சபைக்கு வந்தார். அப்போது ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தவர்கள் முப்பத்தைந்து பேர் சொச்சம். அதே சபை பிற்காலத்தில் பத்தாயிரம் உறுப்பினர்கள் என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தது. 1960-களின் கடைசியில் இலவசச் சாப்பாடு தொடங்கினார்கள், இன்றைக்கும் வருஷத்துக்கு லட்சக்கணக்கான சாப்பாடு போகிறது. 2024 ஏப்ரல் 22 அன்று 94 வயதில் காலமானார்.

என் கதை 2011. ஆபீஸில் ஒரு நாள் சேவைக்கு என்று அனுப்பினார்கள். உண்மையைச் சொன்னால் வேலைக்கு ஒரு நாள் லீவு மாதிரி என்றுதான் போனேன். பவல் ஸ்டேஷனில் இறங்கிப் பளபளவென்ற கடைகளைத் தாண்டி ஐந்து நிமிஷம் நடந்தால் தெரு வேறு ஊராகிவிடுகிறது. நடைபாதையில் போர்வைகள், தள்ளுவண்டியில் ஒருத்தருடைய மொத்தக் குடித்தனம், கட்டடத்தைச் சுற்றி வரிசை. சாப்பாட்டுக்கூடம் கீழ்த்தளத்தில். ஏப்ரன், கையுறை, தலைக்கு வலை எல்லாம் மாட்டி என்னைப் பரிமாறும் இடத்தில் நிறுத்தினார்கள். நமக்குத்தான் கல்யாணப் பந்தி பரிமாறிய கை ஆயிற்றே, வேகமாகத் தட்டை நிரப்பி நிரப்பித் தள்ளினேன். நன்றாகச் செய்கிறோம் என்ற நினைப்பு வேறு. கால் மணி நேரம் கழித்து அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்ட பெண்மணி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: நீ தட்டையே பார்க்கிறாய், ஆளைப் பார். அவ்வளவுதான். அப்புறம்தான் உறைத்தது, நூறு பேருக்காவது போட்டிருப்பேன், ஒரு முகம் கூட ஞாபகம் இல்லை.

அந்தப் பெண்மணியும் ஒரு காலத்தில் அதே வரிசையில் நின்றவர் என்று பிறகு தெரிந்தது. சமையலறையில் வேலை செய்தவர்களில் அப்படி எத்தனையோ பேர். அந்த வார ஞாயிற்றுக்கிழமையே ரெவ் யாரென்று பார்க்கப் போனேன்.

ஓக்லாண்ட் நாகர்கோவில்காரி:

நான் பார்த்தது 2008, அப்பாவோடு. அப்பா நாகர்கோவிலில் முப்பது வருஷம் சபைக் கமிட்டியில் இருந்தவர். ஆறு மாச விசாவில் வந்தவரை ஞாயிற்றுக்கிழமை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று யோசித்து, இதுவும் மெதடிஸ்ட் சபைதானே என்று தைரியமாகக் கூட்டிப் போய்விட்டேன். உள்ளே நுழைந்ததும் டிரம்ஸ், கிட்டார், ஆட்டம். கூட்டத்தில் கோட்டு சூட்டு போட்டவர், போர்வை போர்த்தியவர், ஆண்கள் இருவர் கை கோத்தபடி, பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர். அப்பா இது எதையும் பார்க்கவில்லை. பீடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "குருசு எங்கடீ?" என்றார்.

ரெவ் 1967-லேயே சிலுவையை எடுத்துவிட்டார். அது சாவின் அடையாளம், நாம் வாழ்வைக் கொண்டாட வந்திருக்கிறோம் என்பது அவர் சொன்ன காரணம். இதை அப்பாவிடம் அங்கேயே விளக்கினேன், தப்பு பண்ணிவிட்டேன். ஆராதனை முடியும் வரை கையைக் கட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

முடிந்து வெளியே வரும்போது ரெவ் ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். பல வண்ண அங்கி, வெள்ளைத் தாடி. அப்பா முன்னால் வந்து கைகளை விரித்தார். அப்பா சட்டென்று கும்பிட்டார், அதாவது கட்டிப்பிடிக்க விடாமல் தடுக்கிற கும்பிடு. அவர் ஒரு நொடி பார்த்துவிட்டு, தானும் கைகூப்பித் தலை குனிந்தார். அவ்வளவுதான் சந்திப்பு.

அப்பா மனம் மாறிவிட்டார் என்று கதை முடிப்பேன் என்று நினைக்காதீர்கள். ஊருக்குப் போய் சாகும் வரை "குருசு இல்லாத கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா என் மவ" என்று சபை ஐயரிடமும் வந்தவர் போனவரிடமும் குறை சொன்னார். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தக் கும்பிடு வரை சொல்லித்தான் நிறுத்துவார். எனக்கும் சிலுவை விஷயத்தில் இன்றைக்கும் ஒப்புதல் இல்லை. சிலுவையை வைத்துக்கொண்டே சோறு போட்டிருக்கலாம்.

பங்குச்சந்தைப் பைத்தியம்:

எனக்கு கிளைட் தெரிந்தது ஒரே வழியில்தான், பெரும் முதலீட்டாளர் வாரன் பஃபெட்டோடு மதியச் சாப்பாடு சாப்பிடும் வாய்ப்பை ஏலம் விட்டார்களே, அது. பஃபெட்டின் மனைவி சூசி அங்கே தொண்டு செய்துகொண்டிருந்தவர், அவர்தான் கணவரைக் கூட்டிப்போய்க் காட்டினார். 2000-ல் ஏலம் தொடங்கியது. 2007-ல் நம்ம ஊரில் பிறந்த மோனிஷ் பப்ராயும் கை ஸ்பியர் (Guy Spier) என்பவரும், இருவரும் முதலீட்டாளர்கள், சேர்ந்து ஆறரை லட்சம் டாலருக்கு எடுத்தபோது, ஒரு சாப்பாட்டுக்கா இவ்வளவு என்று ஆபீஸில் ஒரு வாரம் இதே பேச்சு. 2022-ல் நடந்த ஏலம் 1 கோடியே 90 லட்சம் டாலருக்குப் போனது. மொத்தமாக 5 கோடி டாலருக்கு மேல், எல்லாம் கிளைடுக்கு.

இன்னொன்று. 'தி பர்சூட் ஆஃப் ஹாப்பினஸ்' படத்தில் வில் ஸ்மித் தன் பையனோடு வீடில்லாமல் அலைவாரே, அதில் வரும் போதகர் சாட்சாத் செசில் வில்லியம்ஸ்தான், வேஷம் இல்லை. படத்தின் நிஜ நாயகன் கிறிஸ் கார்ட்னர் 1980-களில் மகனோடு கிளைடில் தங்கியவர், இன்று அவரே ஊர் ஊராகப் போய்த் தன்னம்பிக்கைப் பேச்சு பேசுகிறார். நான் சான் ஹோசே ஓட்டல் ஒன்றில் ஐந்நூறு டாலர் கட்டி அந்த மாதிரி ஒரு பேச்சு கேட்டிருக்கிறேன். எழுந்து கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். மத்தியானம் சாப்பாடு கூட நன்றாக இல்லை.

மதுரைத் தம்பி:

பேச்சு என்றதும் நான் எழுதியே ஆகவேண்டும். கொஞ்சம் நீளம், மன்னிக்கவும்.

1980-களின் கடைசியில் டெண்டர்லாயினை கிராக் கொக்கெய்ன் பிடித்து ஆட்டியபோது ரெவ் போதை மீட்பு வேலையில் இறங்கினார். குடிநோயாளிகள் சங்கங்களில் பன்னிரண்டு படிகள் உண்டு, முதல் படியே "இதன் முன் நான் சக்தியற்றவன்" என்று ஒப்புக்கொள்வது. ரெவ்வுக்கு அது ஒத்துவரவில்லை. தலைமுறை தலைமுறையாக அதிகாரம் பறிக்கப்பட்ட கறுப்பின மக்களிடம் போய் மறுபடியும் உனக்குச் சக்தி இல்லை என்று சொல்வதா என்பது அவர் கேள்வி. தன் கதையைத் தானே எல்லார் முன்னாலும் நின்று சொல், அதிலிருந்து தொடங்கு என்பது அவர் வழி. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கண்ணால் பார்த்தேன். 2012 என்று ஞாபகம், ஒரு பெண் மேடையில் ஏறி, சுத்தமாகித் தொண்ணூறு நாள் என்று மட்டும் சொல்லிவிட்டு, அதற்குமேல் பேச வராமல் நின்றுவிட்டார். யாரும் அவசரப்படுத்தவில்லை. கூட்டம் எழுந்து நின்று காத்திருந்தது. அவர் கடைசிவரை பேசவே இல்லை, இறங்கிப்போய்விட்டார், பாட்டு தொடங்கியது.

எனக்கு இதில் ஒரு சிக்கல். என் அண்ணன் மதுரையில் அதே பன்னிரண்டு படியில்தான் பிழைத்தான். பதினோரு வருஷமாகக் குடிக்கவில்லை. என்னால் முடியாது என்று அவன் சொன்ன நாள்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கிய முதல் நாள். அதுவரை "நான் நினைச்சா நாளைக்கே நிறுத்துவேன்" என்ற வசனத்தைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துப் போயிருந்தது. ஆக, ரெவ் சொன்னது எல்லாருக்கும் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. அண்ணனிடம் போனில் இதைச் சொன்னபோது, "அவரு ஊருல அவங்களை மிதிச்சிருக்காங்க, என்னை எவன்டா மிதிச்சான், நானா விழுந்தேன்" என்றான். அப்புறம் இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பழைய பேப்பர்:

எல்லாரும் பூமாலை போடுகிறீர்கள், ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1977 ஜனவரியில் 'பீப்பிள்ஸ் டெம்பிள்' என்ற மதக்குழுவின் தலைவர் ஜிம் ஜோன்ஸுக்கு மார்ட்டின் லூதர் கிங் பெயரில் மனிதநேய விருது கொடுத்தது இதே கிளைடில்தான். அடுத்த வருஷம் நவம்பரில் கயானாவில் அந்த ஜோன்ஸ் சொல்லி, அவரை நம்பிப் போனவர்கள் 900 பேருக்கு மேல் விஷத்தில் செத்தார்கள். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

சன்னிவேல்காரன்:

பழைய பேப்பர் அண்ணே, நீங்கள் சொன்னது சரி, மறைக்க வேண்டியதில்லை. அன்றைக்கு மேயர் மாஸ்கோனியே ஜோன்ஸை நகர வீட்டுவசதி ஆணையத்தில் உட்கார வைத்திருந்தார். ஊரே ஏமாந்தது. ஏழைகளோடு வேலை செய்கிறவர்கள் ஏமாந்தது கூடுதலாக வலிக்கிறது, ஏனென்றால் ஜோன்ஸ் பின்னால் போனவர்களில் பலர் அதே ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள்.

இன்னொருவரையும் விட்டுவிட்டோம். ஜானிஸ் மிரிக்கிட்டானி, ரெவ்வின் மனைவி, கவிஞர். ஜப்பானிய அமெரிக்கர், இரண்டாம் உலகப் போரின்போது கைக்குழந்தையாகக் குடும்பத்தோடு ஆர்கன்சாவில் ரோவர் முகாமில் அடைக்கப்பட்டவர். 1960-களில் கிளைடில் வேலைக்குச் சேர்ந்து, கடைசியில் அந்தச் சாப்பாட்டுக்கூடம் உட்பட அன்றாட நிர்வாகத்தையே சுமந்தவர். இருவரும் 1982-ல் திருமணம் செய்துகொண்டார்கள், 2021-ல் அவர் போய்விட்டார். மேடையில் ரெவ்வின் குரல் கேட்டது, ஆனால் காய்கறி வந்ததா, யார் வேலைக்கு வரவில்லை என்பதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே. நம்ம ஊர் அன்னதானக் கமிட்டியிலும் கணக்கு எழுதுகிறவர் பேர் கல்வெட்டில் வராது.

நான் ரெவ்வைப் பக்கத்தில் பார்த்தது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். 81 வயது. வரிசையில் என் முறை வருவதற்குள், எனக்கு முன்னால் நின்ற ஒருவர் தன் பையைத் திறந்து எதையோ காட்ட ஆரம்பித்துவிட்டார். பழைய போட்டோக்கள். ஒவ்வொன்றாக எடுத்தார், ரெவ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்னால் நாங்கள் இருபது பேர். எனக்கு டிரெயினுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பி வந்துவிட்டேன்.

ஓக்லாண்ட் நாகர்கோவில்காரி:

அப்போ கட்டிப்பிடிக்காமல் வந்த ஆள் எங்கப்பா மட்டும் இல்லை.

சன்னிவேல்காரன்:

சரிதான்! வருகிற சனிக்கிழமை காலைச் சாப்பாட்டு வேளைக்கு நாலு பேர் பேர் கொடுத்திருக்கிறோம். முன்பக்கம் மூடிய ஷூ போட்டு வாருங்கள், செருப்பு வேண்டாம், தரை ஈரமாக இருக்கும். ஃப்ரீமாண்டிலிருந்து விடியற்காலை கிளம்புகிறேன், காரில் இன்னும் ஒரு இடம் இருக்கிறது.

மதுரைத் தம்பி:

நான் வருகிறேன், அண்ணே. இடத்தைப் பிடித்து வையுங்கள்.