சத்ரியா ஜிடிஐ: முன்சக்கர பேரிங் மாத்தியும் திரும்ப அதே இரைச்சல்

லிந்தாங்_ஜிடிஐ எழுதியது:
வணக்கம் அண்ணன்மாரே. என் காடி (கார்) 2001 புரோட்டான் சத்ரியா ஜிடிஐ. அப்பா செம்பனை ஆலையில வேலை பார்த்தப்ப வாங்குனது, இப்ப நான் ஓட்டுறேன். சுங்கை சிப்புட்ல இருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போக ஹைவே ஏறி 80 தாண்டினதும் முன் இடது பக்கம் ‘ஊ...’ன்னு ஒரே இரைச்சல். வலது பக்கமா வளைச்சா கூடுது, இடது வளைச்சா அடங்குது. கிளட்ச் மிதிச்சாலும் மாற்றமே இல்ல.

தீபாவளிக்கு முன்னாடிதான் ஒரு பட்டறையில புது பேரிங் போட்டேன். சீனப் பெருநாள் வரல, அதுக்குள்ள பழைய சத்தம் வந்துருச்சு. பேரிங் சரியில்ல, வேற வாங்கிட்டு வான்னு சொல்றாங்க. வெறும் பேரிங் போதுமா, சக்கரம் மாட்டுற ஹப்பையும் மாத்தணுமா? பொத்தோங் கடையில (பழைய காடியைப் பிரிச்சு விக்கிற கடை) ஹப் மலிவா கிடைக்குது, வாங்கலாமா?

செம்மண்_ரோடு:
முதல்ல டயரைப் பாருங்க புரோ. முன் டயர் மேடுபள்ளமா தேஞ்சிருந்தாலும் இதே மாதிரிதான் கத்தும். முன்னபின்ன மாத்திப் போட்டு ஓட்டுங்க, சத்தம் பின்னாடி போனா டயர்தான்.

பழைய_ஸ்பேனர்:
டயரைப் பார்க்கச் சொன்னது சரிதான். ஆனா தம்பி, வலது வளையும்போது காடியோட பாரம் இடது சக்கரத்துல இறங்கும். அப்ப சத்தம் கூடுதுன்னா நான் இடது பேரிங்கைத்தான் பிடிப்பேன். ஜாக் போட்டுத் தூக்கி, ஒரு கையால ஸ்பிரிங்கைப் பிடிச்சுக்கிட்டு சக்கரத்தைச் சுத்துங்க. பேரிங் கெட்டிருந்தா ஸ்பிரிங் கரகரன்னு கையில அதிரும். மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. ஆட்டம் நின்னா பேரிங், நிக்கலன்னா பால் ஜாயிண்ட் பக்கம் பாருங்க.

புது பேரிங் இவ்வளவு சீக்கிரம் போனா, பேரிங்கைத் திட்டுறதுக்கு முன்ன ஹப்பைக் கழட்டிக் கையில வச்சுப் பார்க்கணும். இந்த காடியில பேரிங், ஹப்பைத் தாங்குற நக்கிள் உள்ள பிரெஸ் பண்ணி இறங்குறது. ஹப்பை வெளிய தள்ளும்போது பேரிங் பிரிஞ்சு, உள் வளையம் ஒண்ணு ஹப் கழுத்துலயே ஒட்டிக்கும். அதை எடுக்க கிரைண்டர் வச்சு அறுத்து, உளியால ஒரு தட்டு தட்டுவாங்க. கை கொஞ்சம் ஆழமாப் போனா கழுத்துலயும் கோடு விழுந்துரும். கோடே இல்லைன்னாலும், கெட்ட பேரிங்கோடயே ரொம்ப நாள் ஓட்டியிருந்தா வளையம் அங்கேயே சுத்திச் சுத்திக் கழுத்து தேஞ்சு பளபளன்னு ஆகிருக்கும். புது வளையத்தை எடுத்து மாட்டிப் பாருங்க. அது பிரெஸ்ஸுக்குத்தான் இறங்கணும். கையாலேயே சரக்குன்னு இறங்குச்சுன்னா அந்த ஹப் முடிஞ்சது, அதுல எந்த பேரிங்கும் நிக்காது.

அடுத்தது பிரெஸ் பண்ற விதம். நக்கிள்ல இறக்கும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்தணும். ஹப்பை இறக்கும்போது கீழ உள் வளையத்துக்கு முட்டு கொடுக்கணும். மாத்திச் செஞ்சா அத்தனை அழுத்தமும் குண்டு வழியாப் போகும், ஓடுற பாதையில குழி விழும். ரோட்டுல இறங்கறதுக்கு முன்னாடியே பேரிங் பாதி செத்துரும். சுத்தியலால அடிச்சு ஏத்துற பட்டறைக்கு தயவுசெஞ்சு போகாதீங்க.

டிரைவ்ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுத்துற தண்டு) முனையில மாட்டுற நட் 200-ல இருந்து 260 நியூட்டன் மீட்டர், அளவு பார்த்து இறுக்குற டார்க் ரெஞ்சுல. இம்பேக்ட் கன்னால ‘டர்ர்’னு விட்டுட்டுப் போறதில்ல. உள் வளையம் ரெண்டையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கிறதே அந்த நட்தான். சக்கரத்தைத் தூக்கி வச்சே, ஒருத்தர் பிரேக்கை மிதிச்சிருக்க இறுக்குங்க. அதுக்கு முன்னாடி காடியைத் தரையில இறக்கி உருட்டக்கூடாது. ஸ்பிளிட் பின் புதுசு போடுங்க, சில்லறைக் காசுதான்.

பொத்தோங் கடை ஹப் தனியா வேண்டாம். அதுலயும் எவனோ வளையத்தை அறுத்திருப்பான். ஹப்பும் பேரிங்கும் சேர்த்துப் புதுசா வாங்குங்க, பேரிங் நகராம பிடிக்கிற சர்க்கிளிப்பும் புதுசு. நக்கிளைக் கழட்டிக்கிட்டு தோட்டத்து டிராக்டர் பட்டறைக்குப் போங்க. டிராக்டர் பேரிங் மாத்துற இடம், அனேகமா ஹைட்ராலிக் பிரெஸ் இருக்கும். ஸ்ட்ரட் போல்ட்டைத் தொட்டாச்சுன்னா கடைசியில அலைன்மெண்ட் பார்த்துருங்க. இங்கிலாந்து லோட்டஸ் கார் கம்பெனி உட்கார்ந்து ஹேண்ட்லிங் சரிபண்ணிக் கொடுத்த காடி இது. வளைவுல அது ரோட்டைப் பிடிக்கிற சுகம் ஒரு லூசான ஹப்பால போகக்கூடாது தம்பி.

லிந்தாங்_ஜிடிஐ:
அண்ணே, கழட்டிப் பார்த்தேன். கழுத்துல குறுக்கா ஒரு வெட்டு, நகம் வச்சா மாட்டுது. புது வளையமும் கையாலேயே இறங்கிருச்சு. புது ஹப்புக்கு ஈப்போ கடையில சொல்லி வச்சிருக்கேன். வலது பக்கத்தையும் சேர்த்து மாத்திடவா?

பழைய_ஸ்பேனர்:
சத்தமும் ஆட்டமும் இல்லாத பேரிங்கை எதுக்குத் தொடணும்? ஸ்பிரிங்ல கை வச்சுப் பாருங்க, அதிரலன்னா விட்ருங்க. அந்தக் காசுக்கு இடது பக்கம் டிரைவ்ஷாஃப்ட் ரப்பர் பூட் கிழிஞ்சிருக்கான்னு பார்த்து மாத்துங்க, எப்படியும் கழட்டித்தானே வச்சிருக்கீங்க.