ஹொரொவிட்ஸ், ஹுர்விட்ஸ், குரேவிச்: ஒரே பெயரா, ஒரே குடும்பமா?

மின்னியல்மணி கேட்டது:

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் வரும் ரௌத்–ஹுர்விட்ஸ் விதியின் ஹுர்விட்ஸ், மிக் விமானத்தின் குரேவிச், பியானோ மேதை விளாதிமிர் ஹொரொவிட்ஸ், 2007-இல் பொருளாதார நோபல் வாங்கிய லியோனிட் ஹுர்விச். நால்வரும் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். நால்வரின் குடும்பப் பெயரும் அடிப்படையில் ஒன்றுதான் என்கிறார்கள். அது எப்படி? அப்படியானால் நால்வரும் ஒரே வம்சமா? இன்னொன்று: பழைய பதிவேடுகளின் அட்டவணையில் ஹொரொவிட்ஸ் என்று போட்டுத் தேடினால் குரேவிச் வருவதே இல்லை. எந்த எழுத்தில் தேடுவது?

ஊர்ப்பெயர்:

பெயர் ஒன்றுதான். வம்சம் ஒன்றா என்பது வேறு கேள்வி. அதை நடுகல் வந்து சொல்லட்டும், கல்வெட்டு அவருடைய துறை.

மூலம் ஒரு ஊர். ப்ராக் நகரத்துக்குத் தென்மேற்கே சுமார் 50 கி.மீ. தள்ளி, பொஹீமியாவில் ஹொர்ஷொவிட்செ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. நடுவில் 'ர்ஷ' என்று எழுதியிருக்கிறேனே, செக் மொழியில் அது ஒரே எழுத்து. 'ர'வை உருட்டும்போதே 'ஷ' மாதிரி உரசவும் வேண்டும். த்வோர்ஷாக் என்ற இசையமைப்பாளர் பெயரில் வருவதும் இதே எழுத்துதான். ஜெர்மனும், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷும் பேசியவர்களுக்கு இந்த ஒலி நாவில் நிற்கவில்லை. வெறும் 'ர' ஆக்கிவிட்டார்கள். கடைசி உயிரெழுத்தும் உதிர்ந்தது. ஹொரொவிட்ஸ் ஆகிவிட்டது. ப்ராகுக்குக் குடிவந்தவர்களை 'ஹொரொவிட்ஸ் ஊர்க்காரர்' என்று அடையாளம் சொன்னதுதான் தொடக்கம். எபிரேயத்தில் 'ஈஷ் ஹொரொவிட்ஸ்' என்றே கையெழுத்திட்டார்கள். 'ஈஷ்' என்றால் ஆள். நம்மூரில் ஊர்ப்பெயர் தலைப்பெழுத்தாக முன்னால் நிற்கும். அங்கே பின்னால் ஒட்டிக்கொண்டது.

அடுத்தது 'ஹ' பிரச்சினை. ரஷ்ய மொழியில் 'ஹ' கிடையாது, வெளியிலிருந்து வந்தால் 'க'-வாக (ஒலிப்புடைய க) மாற்றிக்கொள்வார்கள். ஹாம்பர்க் அங்கே காம்பர்க், ஹைன்ரிஹ் அங்கே கென்ரிஹ். மஹாத்மாவை மகாத்மா என்று எழுதும் நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஹுர்விட்ஸ் குர்விட்ஸ் ஆனது; ஹொரொவிட்ஸ் கொரோவிட்ஸ் ஆனது. அதோடு '-விட்ஸ்' என்ற ஜெர்மன் வால், பக்கத்திலேயே புழங்கிய ஸ்லாவிய '-விச்' உடன் கலந்தது. குர்விச், குரேவிச், குரோவிச் எல்லாம் இப்படி வந்தவை.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். ஸ்லாவியப் பெயரில் '-விச்' வந்தால் 'இன்னாரின் மகன்' என்று பொருள். அதை வைத்து 'குர் என்பவரின் மகன் குரேவிச்' என்று விளக்கம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். குரேவிச்சில் மகனும் இல்லை, அப்பாவும் இல்லை. ஓர் ஊர்தான் இருக்கிறது.

உங்கள் நால்வரையும் இந்தச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள். அடால்ஃப் ஹுர்விட்ஸ் 1859-இல் ஜெர்மனியின் ஹில்டெஸ்ஹைமில் பிறந்தவர், எழுத்தும் ஜெர்மன் எழுத்து. (டர்பைன் வேகக் கட்டுப்பாட்டில் மாட்டிக்கொண்ட ஸ்டொடோலா என்ற பொறியாளர் ஜூரிக்கில் கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் 1895-இல் அந்த விதி வந்தது.) லியோனிட் ஹுர்விச் 1917-இல் மாஸ்கோவில் பிறந்தாலும் குடும்பம் வார்சாவைச் சேர்ந்தது, போலிஷ் எழுத்தில் சி-யும் இசட்டும் சேர்ந்தால் 'ச்', அதனால் ஹுர்விச். மிஹயில் குரேவிச் 1893-இல் கூர்ஸ்க் வட்டாரத்தில் பிறந்தவர், முழுக்க ரஷ்ய வடிவம். மிக் என்பதை எழுத்தெழுத்தாகப் பிரியுங்கள்: ம் மிகோயானுக்கு, க் குரேவிச்சுக்கு, நடுவிலுள்ள இ ரஷ்ய மொழியில் 'உம்'. மிகோயானும் குரேவிச்சும். 1963-இலிருந்து 2025 வரை நம் விமானப்படையில் பறந்த மிக்-21-இன் வாலில் அந்த பொஹீமியச் சிற்றூரின் முதலெழுத்து, ரஷ்ய உச்சரிப்பில், ஒட்டிக்கொண்டிருந்தது. விளாதிமிர் 1903-இல் கீவில் பிறந்தபோது ரஷ்ய எழுத்தில் கொரோவிட்ஸ். மேற்கே போனதும் 'ஹ' திரும்பி வந்துவிட்டது.

நடுகல்:

கூப்பிட்டதற்கு நன்றி ஊர்ப்பெயர்.

மூலக் குடும்பம் லேவியர், அதாவது பழைய எருசலேம் கோயிலில் ஆசாரியர்களுக்கு உதவிய குலத்தார். 15ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் ப்ராகில் காலூன்றி, யூத சமூகத்தின் தலைமைக் குடும்பங்களில் ஒன்றாகிவிட்டார்கள். பிங்காஸ் ஜெபாலயத்தை 1535-இல் கட்டியவர் ஆரோன் மெஷுல்லம் ஹொரொவிட்ஸ். இன்றைக்கு அதே கட்டடத்தின் உள்சுவர் முழுக்க, நாஜிகள் கொன்ற பொஹீமிய, மொராவிய யூதர்கள் சுமார் 78,000 பேரின் பெயர்களை ஊர்வாரியாகக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ப்ராகிலிருந்து கிளை போலந்துக்குப் போனது. 1618-இல் க்ராக்கூவில் இறந்த பின்ஹாஸ் ஹொரொவிட்ஸ், புகழ்பெற்ற யூதச் சட்ட அறிஞர் ரபி மோசே இசர்லேஸின் சகோதரியை மணந்தவர். ஏசாயா ஹொரொவிட்ஸ் 1621-இல் ப்ராகை விட்டு எருசலேமுக்குப் போய், திபேரியாவில் அடக்கமானார். 18ஆம் நூற்றாண்டில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஒரு பின்ஹாஸ், நிகோல்ஸ்பர்க்கில் அவர் அண்ணன் ஷ்மெல்கே. 1815-இல் இறந்த லூப்ளினின் யாக்கோபு ஈசாக்கும் ஹொரொவிட்ஸ்தான். கிழக்கே பெலாருஸ், லித்துவேனியா பக்கம் போனவர்கள் பிற்பாடு குர்விச், குரேவிச் என்று பதிவானார்கள். பெலாருஸில் இந்த வடிவம் வெகு சாதாரணம். கலீசியாவில் (இன்றைய தெற்குப் போலந்தும் மேற்கு உக்ரைனும் சேர்ந்த, அன்று ஆஸ்திரியாவிடம் இருந்த பகுதி) ஹொரொவிட்ஸ் வடிவமே நிலைத்தது, ஏனென்றால் அங்கே எழுதியவர்கள் ஆஸ்திரிய அதிகாரிகள்.

இப்போது வம்சக் கேள்வி. பெரும்பாலான கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்குக் குடும்பப் பெயர் வந்ததே அரசாணையால்தான்: ஆஸ்திரியாவில் 1787, ரஷ்யாவில் 1804, ப்ரஷ்யாவில் 1812, ரஷ்யப் பேரரசரின் கீழிருந்த போலந்து முடியரசில் 1821. ஹொரொவிட்ஸ் அதற்கு 250 ஆண்டு முந்தியது, பெருமை சேர்ந்த பெயர். சட்டம் வந்து 'பெயர் சொல்லு' என்றபோது, தாய்வழியில் தொடர்புள்ளவர்கள், அந்த வீட்டு மாப்பிள்ளைகள், தொடர்பே இல்லாதவர்கள் என்று பலரும் இந்தப் பெயரை எடுத்துக்கொள்ள வழி திறந்திருந்தது. ஆகவே பெயரை மட்டும் வைத்து மரத்தைக் கட்டாதீர்கள்.

ஒரு எளிய சோதனை உண்டு. லேவியர் என்ற நிலை அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். கல்லறைக் கல்லில் பாருங்கள்: ஆசாரியர் வழி என்றால் ஆசீர்வதிக்கும் இரு கைகள், லேவியர் என்றால் கெண்டி, ஆசாரியர் கையைக் கழுவத் தண்ணீர் ஊற்றும் பாத்திரம். எழுத்தில் 'இன்னார் மகன் இன்னார் ஹ-லேவி' (லேவியர்) என்று வரும், அல்லது சமேக், கிமெல், லமெத் என்ற எபிரேய எழுத்துகள் மூன்றும் சேர்ந்த 'செகல்' சுருக்கம் வரும். கல்லில் ஹொரொவிட்ஸ் இருந்து, ஹ-லேவியும் கெண்டியும் இல்லை என்றால், பெயர் அப்பா வழியாக வரவில்லை என்று சந்தேகிக்கலாம். ஒரு கல்லை வைத்து முடிவு கட்டாதீர்கள். செலவு மிச்சம் பிடிக்கச் சின்னம் செதுக்காமல் விட்ட கற்கள் நிறைய. இரண்டு மூன்று தலைமுறைக் கற்களை ஒப்பிடுங்கள்.

பெண்களின் கல்லில் எல்லாரும் செய்யும் தவறு: 'இன்னார் மகள், ஹ-லேவி' என்றிருந்தால் அந்த ஹ-லேவி அப்பாவுக்கு உரியது. அதைக் கணவர் கணக்கில் எழுதிவிட்டால் அடுத்த தலைமுறை முழுக்கக் கோணலாகிவிடும்.

டிஎன்ஏ பற்றியும் கேட்பீர்கள். அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூத) லேவியரில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆர்1ஏ என்ற தந்தைவழிக் கிளையின் ஒரே உட்பிரிவில் வருகிறார்கள். அவர்களின் பொது மூதாதை ஹொரொவிட்ஸ் என்ற பெயர் பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகள் முந்தியவர். எனவே இரண்டு பேருக்கும் ஆர்1ஏ என்று வந்தால் 'இருவரும் லேவியர்' என்பது பலப்படும், அவ்வளவுதான். 'இருவரும் ஹொரொவிட்ஸ்' ஆகாது. 37 இடங்களை மட்டும் பார்க்கும் 37 மார்க்கர் சோதனை இதற்குப் போதாது, ஒய் குரோமோசோமை விரிவாகப் படிக்கும் சோதனை வேண்டும்.

பழம்பதிவு:

தேடல் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெயரை ஒலிப்படி ஒரு குறியீடாக மாற்றித் தேடுவது சௌண்டெக்ஸ். அமெரிக்க ஆவணங்களில் பழைய சௌண்டெக்ஸ் முறை முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். ஹொரொவிட்ஸும் ஹுர்விட்ஸும் ஹெச்632. நடுவில் டபிள்யூ-வுக்குப் பதில் வி போட்டு எழுதிய ஹொரொவிட்ஸ் ஹெச்613. ஹுர்விச் ஹெச்620. குரேவிச் ஜி612. ஒரே பெயருக்கு நாலு குறியீடு. அதனால்தான் உங்களுக்குக் குரேவிச் வரவில்லை.

டெய்ச்–மொகொடோஃப் சௌண்டெக்ஸுக்கு மாறுங்கள். 1985-இல் கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயர்களுக்கென்றே செய்தது. அதில் பெயர் தொடக்கத்தில் ஹெச் வந்தாலும் ஜி வந்தாலும் 5. ஆர் 9. வி, டபிள்யூ இரண்டும் 7. டீ-இசட், சி-இசட் இரண்டும் 4. ஆக ஹொரொவிட்ஸ், ஹுர்விட்ஸ், ஹுர்விச், குர்விட்ஸ் எல்லாம் 597400. குரேவிச்சின் சி-ஹெச் இரண்டு விதமாக ஒலிக்கலாம் என்பதால் 597400, 597500 என இரண்டு குறியீடும் கொடுக்கும். ஒரே தேடலில் எல்லாம் வந்துவிடும்.

போலந்து முடியரசின் பதிவேடுகள் 1868 வரை போலிஷ், அதற்குப் பின் ரஷ்ய மொழி. 1865-இல் ஹெச் வரிசையில் பிறப்பு பதிவான குழந்தை, 1888-இல் திருமணம் செய்யும்போது ரஷ்ய 'க' வரிசைக்குப் போயிருக்கும். ஆள் காணாமல் போகவில்லை, அகரவரிசைதான் மாறியது. ரஷ்யப் பதிவுகளில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போலிஷ் எழுத்திலும் எழுதியிருப்பார்கள். அதை முதலில் பாருங்கள். ரஷ்யக் கையெழுத்தில் பெரிய 'க' சில சமயம் டீ மாதிரியே தெரியும், அட்டவணை போட்டவர் டீ-யில் சேர்த்திருக்க வாய்ப்புண்டு.

கலீசியா தனிக் கதை. சமய முறைப்படி மட்டும் மணந்து அரசுப் பதிவு செய்யாத தம்பதி ஏராளம். அரசுக் கணக்கில் அது திருமணமே இல்லை, எனவே குழந்தைக்குத் தாயின் குடும்பப் பெயரையே எழுதினார்கள். அப்பா ஹொரொவிட்ஸாக இருந்தும் பிள்ளை வேறு பெயரில் இருப்பது இதனால்தான். அப்பா வேறு யாரோவாக இருந்து பிள்ளை ஹொரொவிட்ஸ் ஆனதும் இதனால்தான். பெயருக்கு நடுவில் வரும் மூன்று லத்தீன் சொற்களைக் கவனியுங்கள். 'ரெக்டே' வந்தால் அதற்குப் பின்னால் இருப்பது சட்டப்படியான பெயர். 'ஃபால்சே' வந்தால் பின்னால் இருப்பது ஊர் வழக்குப் பெயர், முன்னால் இருப்பது சட்டப் பெயர். 'வெல்' என்றால் 'அல்லது', இரண்டுமே புழக்கத்தில். படியெடுப்பவர்கள் இவற்றை நடுப்பெயர் என்று நினைத்து விழுங்கிவிடுவார்கள். மூலப் பக்கத்தின் படத்தைப் பார்க்காமல் அட்டவணையை மட்டும் நம்பினால் இது கண்ணில் படாது. கிழக்கு கலீசியா ஊர்களின் யூதப் பதிவேடுகள் பெருமளவு வார்சாவின் ஆகாட் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. லிவீவிலும் ஒரு பங்கு இருக்கிறது.

மின்னியல்மணி:

597400 போட்டுப் பார்த்தேன். குரேவிச் வந்துவிட்டது, நன்றி. ஆனால் க்ராவிட்ஸ், க்ராவெட்ஸ் என்று குவியல் குவியலாக வருகிறது. இதுவும் அதே பெயரா? அப்புறம், அமெரிக்காவுக்கு வந்த குடியேறிகளைச் சோதித்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றினார்கள் என்கிறார்களே, அதையும் கணக்கில் எடுக்க வேண்டுமா?

பழம்பதிவு:

க்ராவிட்ஸ் வேறு. 'க்ராவெட்ஸ்' என்றால் தையற்காரர், தொழிற்பெயர். கே-க்கும் குறியீடு 5, உயிரெழுத்தை முறை கண்டுகொள்ளாது, அதனால் 5-9-7-4 என்று அதே எண்ணில் வந்து விழுகிறது. வலை பெரிதானால் குப்பையும் சேரும். முடிவுகளை முதலெழுத்து வாரியாக அடுக்கி, கே-யில் தொடங்குவதைத் தள்ளிவிடுங்கள். ஒரே விதிவிலக்கு: ஒரே வீட்டு எண், ஒரே பெற்றோர் பெயருடன் கே வந்தால் அது எழுத்துப் பிழையாக இருக்கலாம், அதை மட்டும் திறந்து பாருங்கள்.

ஊர்ப்பெயர்:

எல்லிஸ் தீவுக் கதை கட்டுக்கதை. பயணிகள் பட்டியலை எழுதியது கப்பல் கம்பெனி, புறப்பட்ட துறைமுகத்திலேயே: ஹாம்பர்க், ப்ரேமன் போன்ற இடங்களில். 1892-இல் திறந்த அந்தத் தீவின் அதிகாரிகள் கையிலிருந்த பட்டியலோடு ஆளைச் சரிபார்த்தார்கள், புதுப்பெயர் சூட்டும் வேலை அவர்களுக்கு இல்லை. குரேவிச் ஹார்விட்ஸ் ஆனதெல்லாம் பிறகு, கடைப் பலகையிலும் பள்ளிக்கூடப் பதிவிலும் குடியுரிமை மனுவிலும். எனவே வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் குடியுரிமை மனு. 1906 செப்டம்பருக்குப் பிறகு கொடுத்த மனு என்றால் பிறந்த ஊர், வந்த கப்பல், வந்த தேதி மூன்றும் கேட்டிருப்பார்கள். அந்தக் கப்பலின் அந்தத் தேதிப் பட்டியலை எடுத்து, பெயரைத் தேடாமல் வயதையும் ஊரையும் வைத்து வரிவரியாகப் படியுங்கள். ஹாம்பர்க் வழியாக வந்தவர் என்றால் அந்தத் துறைமுகத்தில் தனியாக எழுதிய புறப்பாட்டுப் பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள், 1850 முதல் இருக்கிறது. ஜெர்மன் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது அதில்தான் கிடைக்கும்.