ஸ்டீபன் கிங்கின் 'ரேஜ்': எந்தப் பதிப்பைத் தேடுவது?

கேள்வி: ரிச்சர்ட் பாக்மேன் என்ற புனைபெயரில் 1977-ல் வந்த நாவல். புதுப் பிரதி எங்கும் இல்லை. அதன் நாயகன், பள்ளி மாணவன் சார்லி டெக்கர் நம்பும்படியான பாத்திரமா?

மறுமொழி: 1985-ல் வந்த 'தி பாக்மேன் புக்ஸ்' தொகுப்பைப் பழைய பிரதியாகத் தேடுங்க. வாங்கும் முன் பொருளடக்கத்தைப் பாருங்க, நாலு நாவல் இருக்கணும். பிந்தைய அச்சில் 'ரேஜ்' இல்லாம மூணுதான். கென்டக்கியில் 1997-ல் நடந்த பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு கிங்கே 'ரேஜ்' மறுஅச்சை நிறுத்திட்டார். சரியான முடிவு.

மறுமொழி: சார்லி ரெண்டு ஆசிரியர்களைச் சுட்டுட்டு வகுப்பையே பிணையாக்குறான். ஆனா அந்த வகுப்பு மாணவன் டெட் ஜோன்ஸை அடிச்சுச் சிதைக்கிறது சக மாணவர்கள். நாவலின் உண்மையான பயங்கரம் அங்கேதான். பலவீனம் அப்பா பாத்திரம். சார்லியின் கோபத்துக்கு அவரையே காட்டுறது சுலபமான விளக்கம்.

மறுமொழி: சில மணி நேரத்துலயே வகுப்பு அவன் பக்கம் சாயுறதும் உறுத்துது. கிங் பள்ளி நாள்லயே எழுதத் தொடங்கினது, அந்த அவசரம் தெரியுது.